முப்பதாவது கட்டம்

அந்தப் பள்ளியின் துணை முதல்வருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பட்டப்பெயர் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகவில்லை என்றுதான் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருப்பார்கள். எந்தக் காலத்தில் எந்த வாத்தியார் காதுக்குப் போகாமல் இருந்திருக்கிறது? துணை முதல்வர் டீச்சருக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்படவில்லை. உள்ளதைச் சொன்னால், உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அவருடைய மேசை இழுப்பறையில் நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. இருபத்திரண்டு வருடங்களாகப் போலிக் கையெழுத்துகள் வரிசையாக வந்து அதன் கீழே மாட்டிக்கொண்டிருந்தன.

அப்பா கையெழுத்தைப் போடுவதில்தான் எத்தனை ரகம்! ஜன்னல் கண்ணாடியில் தாளை வைத்து வெளிச்சத்தில் நகல் எடுப்பவர்கள் ஒரு ரகம். அம்மாவைத் தாஜா பண்ணி அம்மா கையாலேயே போடவைப்பவர்கள் இன்னொரு ரகம். அண்ணனுடைய சைக்கிளைத் துடைத்துக் கொடுத்து அவனிடம் காரியம் சாதிப்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் டீச்சரிடம் பாச்சா பலிக்காது. "உண்மையான கையெழுத்து ஓடும், பொய்க் கையெழுத்து நடக்கும்" என்று புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சொந்தக் கையெழுத்தைப் போடுகிறவன் யோசிப்பதில்லை, பேனா வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தவன் கையெழுத்தைப் போடுகிறவன் பார்த்துப் பார்த்துப் போடுகிறான், கோடு நடுங்கும், நடுவில் நிற்கும், நின்ற இடத்தில் மை புள்ளியாக ஊறியிருக்கும். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கையெழுத்து அங்கே அவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் மஞ்சள் அட்டை. ஒழுங்கு மீறுகிற பிள்ளைக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அதில் முப்பது கட்டம். தினமும் வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். முப்பதும் நிரம்பிய அன்று டீச்சர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் கண்ணெதிரிலேயே அட்டையைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போடுவார். "முடிஞ்சு போச்சு. போய் நல்லா இரு" என்பார். இது அவரே கொண்டுவந்த முறை. பிரம்பை ஒழித்துவிட்டு இதைக் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பிடிவாதக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கத்தமாட்டார், மிரட்டமாட்டார். எதிர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அறையில் சிவப்புப் பேனா கிறுக்குகிற சத்தமும் மின்விசிறி சத்தமும் மட்டும் இருக்கும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், பிள்ளை தானாகவே வாயைத் திறந்துவிடும். அதிகபட்சமாகத் தாக்குப்பிடித்தவன் ஒரு மணி பத்து நிமிடம். அவன் இப்போது வக்கீலாக இருக்கிறான் என்று கேள்வி.

அந்தச் சாதனையை முறியடிக்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் மூன்றாம் நம்பர் பேருந்தை ஓட்டுகிற டிரைவரின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. ஊழியரின் பிள்ளை என்பதால் சம்பளம் கட்டாமல் படிக்கிறவள். நன்றாகவும் படிக்கிறவள். மதிய இடைவேளை முடிந்த பிறகு வகுப்புக்குத் தாமதமாக வருகிறாள் என்று முதலில் புகார் வந்தது. விசாரித்தால், பேருந்துகள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவருவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது விதி.

"அப்பாவப் பாக்கப் போனியா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா மிஸ்."

"எதுக்கு?"

எதற்கென்று தெரியாமலே, இனிமேல் போகாதே என்று அனுப்பினார். மறுநாளே போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மஞ்சள் அட்டை அப்படித்தான் அவள் கைக்குப் போனது. ஆசிரியர் அறையில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர் விழுந்தது. ஆனால் டீச்சருக்கு அவள்மேல் ஒரு வாஞ்சை இருந்தது. அட்டையை வாங்கும்போது அழாமல், கெஞ்சாமல், அதை இரண்டு கையாலும் வாங்கிப் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்துக்கொண்ட பிள்ளையை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பிறகு அவள் தாமதமாக வரவில்லை. மதியம் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று தோழிகள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது நாளும் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாத மாதிரி முடிந்துகொண்டு வந்தது. இருபத்தொன்பது கட்டம் நிரம்பிய திங்கட்கிழமை காலையில் அட்டை டீச்சர் மேசைக்கு வந்தது. கடைசிக் கட்டம் நிரம்புவதற்கு முன்னால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்து வைப்பது அவர் வழக்கம். பார்த்தார். இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார்.

கையெழுத்து நடுங்கியது. முதல் எழுத்திலேயே மை ஊறியிருந்தது. கோடு எறும்பு ஊர்ந்த தடம் போலக் கோணலாகப் போய், நடுவில் நின்று, மறுபடி புறப்பட்டிருந்தது. ஒன்றல்ல, இருபத்தொன்பதும் அப்படித்தான். இப்படி ஒரு மட்டமான போலியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று டீச்சர் நினைத்தார். கெட்டிக்காரப் பெண் ஆயிற்றே, இன்னும் கொஞ்சம் நன்றாகப் போட்டிருக்கக் கூடாதா என்றுகூட இருந்தது அவருக்கு.

ஆனாலும் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவர் அல்ல. குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "மூணாம் நம்பர் டிரைவர் அண்ணாவோட கையெழுத்து ஏதாவது இருக்கா?"

"இருக்காவா? தினமும் போடறாரே மேடம். டிரிப் புக்கு" என்று குமாஸ்தா ஒரு நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பிள்ளைகள் என்று டிரைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு மதியம் இரண்டு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய புத்தகம் அது. டீச்சர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசி எழுத்தின் வால் ஒரே இழுப்பில் மேலே போய் நின்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பதிவேட்டில் இருப்பது நிஜம், அட்டையில் இருப்பது பொய்.

பெற்றோர் கையெழுத்தைப் போலியாகப் போட்டால் பள்ளியை விட்டு நீக்கம் என்று விதிப் புத்தகத்தில் கறுப்பு மையில் இருந்தது. அதற்குக் கீழேயே, பிள்ளை தானாக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரம் வகுப்புக்கு வராமல் இருந்தால் போதும் என்று ஒரு சலுகையும் இருந்தது. அந்தச் சலுகையை எழுதிச் சேர்த்ததும் டீச்சர்தான். ஒழுங்குக் குழு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடும். அதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு பக்கம் எழுதி வாங்கிவிட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம். காப்பாற்றத்தான் நினைத்தார். அதில் சந்தேகம் வேண்டாம்.

திங்கள் மதியம் அவளை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து அட்டையை முன்னால் தள்ளினார்.

"இதெல்லாம் யாரும்மா போட்டது?"

"அப்பா, மிஸ்."

"அப்பா போட்டதா? நல்லா பாத்துச் சொல்லு."

"நான் போடல மிஸ். அப்பாதான் போட்டாரு."

"சரி. அப்ப அப்பாவையே கூப்பிட்டுக் கேட்டுடலாமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. "வேணாம் மிஸ். அப்பாவக் கூப்பிடாதீங்க. ப்ளீஸ் மிஸ்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் டீச்சருக்கு இதற்கு மேல் அத்தாட்சி தேவைப்பட்டதில்லை. அப்பாவைக் கூப்பிடாதே என்று கெஞ்சுகிற பிள்ளை குற்றவாளிதான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. மணி அடித்தது. அவள் எழுந்து, "போலாமா மிஸ்?" என்றாள். போகச் சொன்னார்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை முதல்வரே தற்செயலாக நடந்துபோகிறவர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னுமா?" என்று புருவத்தால் கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் நோட்டை மூடி வைத்தார். அவர் வழக்கத்தை விட்டு இறங்கி வந்தது அன்றுதான்.

"இங்க பாரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ எழுதித் தரலைன்னா உன்னை வெளியே அனுப்பிடுவாங்க. எனக்கு உன்னை அனுப்ப இஷ்டமில்ல. 'நான்தான் போட்டேன், தப்பு, மன்னிச்சிடுங்க'ன்னு மூணு வார்த்தை. அதுக்குக்கூட மனசு வராதா?"

அவள் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது நடுவிரலில் நீல மை ஒட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். போலிக் கையெழுத்துக்கு அதையும் ஒரு சாட்சியாக மனதில் குறித்துக்கொண்டார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரா?"

"எங்கப்பா என்னை அடிச்சதே இல்ல மிஸ்" என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றும் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலைப் பயணம் முடிந்ததும் டீச்சர் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நல்லவர்தான். பதினேழு வருடம் அந்தப் பள்ளியில் ஓட்டியவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. சந்து திரும்பும்போதும் ஹாரன் அடிக்காமல் காத்து நிற்பார் என்பதால் பிள்ளைகள் அவரைப் 'பொறுமை மாமா' என்பார்கள். கொஞ்ச காலமாக மட்டும் ஒரு மாற்றம். யாரோடு பேசினாலும் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டே நிற்பார். "என்ன ஹீரோ, சினிமாவுல கூப்பிட்டாங்களா?" என்று ஆசிரியர் அறையில் கேலி பண்ணுவார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். காக்கிச் சட்டை, இடது கையில் சாவி, வலது கை பாக்கெட்டில். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உக்காருங்கண்ணா" என்றார் டீச்சர். அட்டையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலு நாளாக நடந்ததைச் சொன்னார். அவருக்கு எதுவுமே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

"இது என் கையெழுத்துதான் டீச்சர்" என்றார், அட்டையைக் காட்டி.

டீச்சர் சிரித்துக்கொண்டார். பெற்ற மனம் பித்து என்று அவருக்குத் தெரியாதா என்ன? எத்தனை அப்பாக்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையே சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க சொன்னா நம்பறேன். இந்தாங்க, ஒரு வெள்ளைத்தாள். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்க. விஷயம் முடிஞ்சிடும்."

பேனாவை மூடி கழற்றி நீட்டினார். டிரைவர் அதை வாங்கவில்லை. பாக்கெட்டுக்குள் இருந்த கையும் வெளியே வரவில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. நாலு நாள் வாய் திறக்காத பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் மிஸ் போட்டேன். எல்லாமே நான்தான் போட்டேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. தப்புதான் மிஸ், மன்னிச்சிடுங்க. எங்க எழுதணும்? குடுங்க, எழுதித் தரேன். அப்பாவ எதுவும் போடச் சொல்லாதீங்க."

ஜெயித்துவிட்டோம் என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தை அவர் பின்னால் எத்தனையோ நாள் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். அப்போது என்னவோ மனம் லேசாகித்தான் போனது. பெண் பிழைத்தாள், இரண்டு வாரத்தோடு போயிற்று என்று வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் குனிந்து நின்றபடியே விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள்.

"நிறுத்தும்மா" என்றார் அப்பா.

அவள் நிறுத்தவில்லை. அவர் இடது கையால் அவள் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்தார். பிறகு வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார்.

கை ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. அந்த விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகுவதற்கே அவர் இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. டீச்சர் வெள்ளைத்தாளை நகர்த்திக் கொடுத்தார்.

"அது எதுக்கு டீச்சர்? இதுல ஒண்ணு பாக்கி இருக்கில்ல" என்று அவர் மஞ்சள் அட்டையை இழுத்துக்கொண்டார்.

வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பதாவது கட்டத்தில் பேனாவை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் மை ஊறியது. கோடு கோணலாகப் புறப்பட்டது, நின்றது. அவர் மூச்சு விட்டார். மறுபடி புறப்பட்டது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அட்டையின் ஓரத்தில் விழுந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையெழுத்து முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று டீச்சருக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிந்தபோது அது மற்ற இருபத்தொன்பதைப் போலவே இருந்தது. கண்ணாடியே தேவைப்படவில்லை.

"வீட்டுல இன்னும் கொஞ்சம் நல்லா வரும்" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம் உக்காந்து போடுவேன். இங்க கொஞ்சம் பதட்டம்."

டீச்சரின் கண் பதிவேட்டின்மேல் போயிற்று. வழுக்கிக்கொண்டு ஓடுகிற கையெழுத்து. ஒரே இழுப்பில் மேலே போகிற வால். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடிய பெண். விரலில் நீல மை.

"ஆமா டீச்சர். அது அவ போட்டது" என்றார் டிரைவர், கேட்காமலே. "ஒரு வருஷமா அவதான் எழுதறா. நான்தான் எழுதச் சொன்னேன். என்னால நேரத்துக்கு எழுத முடியல. நாலு டிரிப்பு எழுதறதுக்குள்ள ரெண்டு மணி ஆயிடுது. வெளிய தெரிஞ்சா வண்டிய வாங்கிடுவாங்கன்னு பயம். ஆனா இந்த அட்டைய அவ கொண்டுவந்தப்ப, 'இதையும் நானே போட்டுடறேம்ப்பா'ன்னு சொன்னா. நான் கூடாதுன்னுட்டேன். இது உன் நடத்தைக்குன்னு குடுத்த அட்டை, இதுல பொய் இருக்கக் கூடாதும்மான்னு சொன்னேன். அதான் டீச்சர் இப்படி ஆயிடுச்சு."

டீச்சர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"ஸ்டீயரிங்கப் பிடிச்சா நடுங்காது டீச்சர். சத்தியமா. சும்மா இருந்தாலும் பேனா பிடிச்சாலும்தான் இப்படி. இல்லன்னா நான் பிள்ளைங்கள ஏத்தியிருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அதை நானே சொல்லிக்கிட்டா போதுமா? வண்டி ஓட்டலாமான்னு பெரிய ஆஸ்பத்திரில பாக்கச் சொல்லி டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அதை மடிச்சு வச்சவன் நான்தானே."

சாவியை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்தார்.

"அப்பா!" என்று அவள் பாய்ந்து வந்து சாவியை எடுக்கப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் மரியாதை, பயம் எதுவும் மிச்சமில்லை.

"நான்தான் ஒத்துக்கிட்டேன்ல! நாலு நாளா நீங்க கேட்டது அதுதானே மிஸ்? வாங்கிட்டு விட்டிருக்கலாம்ல?"

சாவியை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்வது சுலபம். மூன்றாம் நம்பர் பேருந்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதில் நர்சரிப் பிள்ளைகள் மட்டும் ஒன்பது. டீச்சர் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கொடுக்க அவர் கை வரவில்லை. எடுத்து இழுப்பறையில் வைக்கவும் வரவில்லை. கடைசியில் டிரைவரே அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மகள் தோளில் இடது கையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை ஒழுங்குக் குழு பத்தே நிமிடத்தில் முடிந்தது. மாணவிமேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். கை விஷயமும் டிரிப் புக் விஷயமும் அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முதல்வர் மோசமானவர் இல்லை. டிரைவருக்கு வேறு ஏதாவது வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் பார்த்தார். வாசல் காவலுக்குப் போடலாம் என்றால், வருகிற போகிற வண்டி நம்பரையெல்லாம் எழுத வேண்டும். சாமான் அறைக்குப் போடலாம் என்றால், அங்கே எழுத்து வேலையே முக்கால்வாசி. எழுதாமல் பார்க்கக்கூடிய வேலை ஒன்றுகூட அந்தப் பள்ளிக்கூடத்தில் காலியாக இல்லை. டிரைவரின் அக்கா வேறு ஊரில் இருந்தாள். அங்கே போய்விடுவதாக அவர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் மாற்றுச் சான்றிதழ் படிவம் வாங்கத் தனியாக வந்தாள். டீச்சர் வராந்தாவில் அவளைப் பார்த்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார். பழக்கதோஷம், கை தானாக எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டது. அவளும் உட்கார்ந்தாள்.

"உன் படிப்புக்கு நான் பொறுப்பு. விடுதியில தங்கிப் படிக்க ஏற்பாடு பண்றேன். போக வேண்டாம்மா."

அவள் பேசவில்லை.

"அப்பா கூடத்தான் இருப்பேன்னா, அதுவும் சரி. அங்க நல்ல பள்ளிக்கூடமா பாத்து நானே லெட்டர் எழுதறேன்."

பேசவில்லை. திருத்த வேண்டிய நோட்டுகள் ஓரமாகக் குவிந்திருந்தன. டீச்சர் அவற்றைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குத் தெரியவே தெரியாது. இப்போது தெரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அழுதேவிட்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா. எதாவது ஒரு வார்த்தை பேசேன். திட்டணும்னாலும் திட்டு."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நான் முதல் நாளே உண்மையச் சொன்னேனே மிஸ்."

படிவத்தை இரண்டு கையாலும் எடுத்துப் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டாள். "போலாமா மிஸ்?" என்று கேட்டாள். டீச்சர் தலையாட்டினார்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குமாஸ்தா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் அந்தப் படிவம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மேடம், இந்தப் பொண்ணு கொண்டுவந்து குடுத்துட்டுப் போச்சு. கையெழுத்தப் பாருங்களேன், கோணலும் மாணலுமா இருக்கு. டிரிப் புக்குல இருக்கிற மாதிரி இல்லவே இல்ல. நீங்க ஒரு தடவை கண்ணாடிய வச்சுப் பாத்துச் சொன்னீங்கன்னா நல்லது."

டீச்சர் இழுப்பறையைத் திறந்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. அதன் கீழே முப்பது கட்டமும் நிரம்பிய மஞ்சள் அட்டை, கிழிக்கப்படாமல் கிடந்தது. இழுப்பறையை மூடினார்.

"அவர் போட்டதுதான்" என்றார்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே மேடம்?"

"நீங்க போங்க" என்றார் டீச்சர். "அது அவர் கையெழுத்துதான்."